கைபேசிக்குப் போகும் கல்யாணம்

டிவிடி வட்டு உள்ளே போய்ப் படுத்ததும் முதலில் ஒரு முனகல், பிறகு ஒரு சீறல், பிறகு நிதானமான ஒரே ஓசை. பின்தெருவில் ஓடும் விசைத்தறிகளோடு அந்த ஓசை கலந்துவிட்டது. இனி இந்த மத்தியானம் முழுக்க என் தம்பி பிரகாசத்தின் கல்யாணம் இந்த லேப்டாப்புக்குள் சுற்றிக்கொண்டிருக்கும், நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இருபத்தைந்து வருஷமாகப் பார்க்காமல் தப்பித்து வந்தேன். யார் வீட்டில் இந்த டிவிடியைப் போட்டாலும் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன், பால் பொங்குது என்பேன், பால் இல்லாத வீடாக இருந்தால் தண்ணீர் குடிக்கிறேன் என்பேன், கெட்டிமேளம் முடிந்து சாப்பாட்டுப் பந்தி வரும்வரை டம்ளரைக் கழுவிக்கொண்டே நிற்பேன். போன வாரம் தாரணி கூப்பிட்டாள். என் தம்பி மகள். இப்போ யார் வீட்லயுமே டிவிடி பிளேயர் இல்ல அத்தை, இருந்தது கெட்டுப்போச்சு, அப்பா அம்மா கல்யாணத்தைப் போன்லயும் டேப்லயும் பாக்கற மாதிரி மாத்திக் கொடுங்க, ஞாயித்துக்கிழமை வெள்ளி விழாவுக்கு வாசல்ல டேப்ல ஓட விடலாம், எல்லாருக்கும் குரூப்ல அனுப்பலாம், நம்ம குடும்பத்துலயே உங்களுக்குத்தான் இதுக்குப் பொறுமை இருக்கு என்றாள். அவள் கேட்டு முடிக்கும் முன்பே சரி என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதில் அவளுக்கே ஆச்சரியம். குழந்தை, அவளுக்கு எதற்குத் தெரிய வேண்டும். படத்தை மாற்றித் தரும் இந்த மென்பொருளில் ஒரு கத்தரிக்கோல் இருக்கிறது. அதற்காகத்தான் சரி என்றேன்.

சின்னக் கத்தரிக்கோல், சிவப்பு நிறம், திரையின் கீழ்மூலையில் இருக்கிறது. வட்டுக்குள் கல்யாணம் ஒரே துண்டாக இல்லை, தேங்காயை உடைத்துப் பத்தை போட்டதுபோல் நாலைந்து கோப்புகளாகக் கிடக்கிறது. அவற்றை வரிசையாகச் சேர்க்க வேண்டும், கைபேசிக்கா டேப்லெட்டுக்கா என்று கேட்கும், அதைச் சொல்ல வேண்டும், ஆட்கள் அசையும்போது சீப்புப் பல்போல் கோடு கோடாக வருமே, அதை நீக்கு என்று ஒரு கட்டத்தில் குறியிட வேண்டும். அப்புறம் வேண்டாத இடத்தின் தொடக்கத்தில் ஒரு குறி, முடிவில் ஒரு குறி, நடுவில் கத்தரிக்கோல். அவ்வளவுதான். இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொள்ளும், காயம்கூடத் தெரியாது. செண்பகத்தை நான் அப்படித்தான் எடுக்கப்போகிறேன். பெரியப்பா மகள் செண்பகம். பெண்ணழைப்பில் எடுப்பேன், நலங்கில் எடுப்பேன், முகூர்த்தத்தில் வேரோடு எடுப்பேன். செத்துப்போனவளை எடுத்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு குரல் கேட்கிறது, என் குரல்தான், அதற்கு நான் பதில் சொல்வதில்லை. போன ஐப்பசியில் போய்விட்டாள். நான் எழவுக்குப் போகவில்லை. மாரியம்மன் கோயில் வரைக்கும் போய், அங்கே உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். சாவுக்குப் போகாமல் இருந்தது போதாது. இருந்த சுவடே இருக்கக் கூடாது.

நிச்சயதார்த்தம் ஓடுகிறது. கல்யாணப் பெண் ரேணுகாவை ஒரு ரோஜாப்பூவுக்குள் வைத்துச் சுற்றுகிறார்கள், பிரகாசம் ஓர் இதயத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கிறான், எல்லாம் அந்தக் காலத்து ஸ்டுடியோக்காரனின் கைவேலை. செண்பகம் வெற்றிலைத் தட்டோடு வருகிறாள். குறி, குறி, கத்தரி. போனாள். தட்டு மட்டும் எப்படியோ அடுத்தவள் கைக்கு வந்துவிடுகிறது, மாயம்போல் இருக்கிறது, சிரிப்புக்கூட வருகிறது. விளக்கை இப்படிக் குடு அமிர்தம். அந்தக் குரல் சரியாக இந்த இடத்தில் வர வேண்டியதில்லை, ஆனால் வந்துவிட்டது, பல்லிடுக்கில் நார் சிக்கினதுபோல் தினம் ஒருமுறையாவது வரும். எங்கள் பக்கத்தில் தாலியின் முதல் முடிச்சுதான் மாப்பிள்ளை போடுவது, மற்ற இரண்டும் நாத்தனார் போட வேண்டும். அதுவரை அவள் பெண்ணுக்குப் பின்னால் காமாட்சி விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிரகாசத்துக்கு நான் ஒரே அக்கா. அம்மா போன பிறகு அவனுக்குத் தலை சீவிவிட்டவள், தறிக்கு நூல் கொடுக்கும் சங்கத்தில் வேலை பார்த்து அவனைக் காலேஜில் படிக்கவைத்தவள். என் புருஷன் என்னை விட்டுவிட்டுத் திருப்பூரில் வேறொருத்தியோடு இருந்தார், அது ஊருக்கே தெரியும், ஆனால் என் கழுத்தில் தாலி இருந்தது, விளக்கைப் பிடிக்க எனக்கு எல்லா உரிமையும் இருந்தது. மாம்பழ மஞ்சளில் பட்டு. பிரகாசம் எடுத்துக் கொடுத்தது. விளக்கோடு நின்றேன். எண்ணெய் தளும்பாமல் மூச்சைக்கூட அளந்து விட்டேன். பெரியம்மா பின்னாலிருந்து வந்து, விளக்கை இப்படிக் குடு அமிர்தம், பந்தியில ஆள் இல்ல, நீ போய்க் கொஞ்சம் பாரு என்றாள். பெரியம்மா, அதாவது செண்பகத்தின் அம்மா. நான் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன். சாப்பாட்டுக் கூடத்தில் விரித்து வைத்த இலைகளுக்கு நடுவில் நின்று கெட்டிமேளம் கேட்டேன். உப்பு வைத்துக்கொண்டு வந்த ஆள், நீங்க மாப்பிள்ளைக்கு என்ன வேணும் என்று கேட்டான். பரிமாற வந்திருக்கேன் என்றேன்.

லேப்டாப் சுடுகிறது, அடியில் பூரிக்கட்டையை வைத்துக் காற்றோட்டம் விட்டிருக்கிறேன், சமையல் சாமான்களில் கைக்கு அகப்பட்டது அதுதான். மற்றவற்றில் பாதியைக் கீழ்வீட்டுக்குக் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரரிடம் காலி செய்வதாகச் சொல்லியாயிற்று. விழா முடிந்த கையோடு நான் கோயம்புத்தூருக்குப் போகிறேன், பிரகாசத்தின் வீட்டுக்கு. இந்த முட்டியை வைத்துக்கொண்டு இந்த மாடிப்படிகளில் இனி முடியாது. கீழேயே எனக்கு ஓர் அறை போட்டிருக்கிறான், உட்கார்ந்து எழும் கழிப்பறை, கையால் பிடித்துக்கொள்ளக் கம்பி, எல்லாம் செய்து படம் எடுத்து அனுப்பினான். நீ இனிமே ஒத்தையில கிடக்க வேணாம்க்கா. நல்லவன். அன்றைக்கே நல்லவனாகத்தான் இருந்தான். கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள் மறுவீட்டுக்கு வந்தபோது, நான் கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தேன், வந்து பக்கத்தில் உட்கார்ந்தான், கண் கலங்கியிருந்தது. குனிஞ்சு தாலி கட்டுனேன்க்கா, நிமிந்து பாத்தா செண்பகம் நிக்கறா, எனக்கு ஒண்ணுமே புரியல, பெரியம்மாதான் ஏதோ பண்ணியிருக்குது என்றான். நான் ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு அவன் முகத்தைத் துடைத்துவிட்டேன். விடு சாமி, அவளுக எப்பவும் அப்படித்தான் என்றேன். புது மாப்பிள்ளை அழக் கூடாது. ரேணுகா பார்த்துவிடப் போகிறாள் என்று பயந்தேன். அன்றைக்குச் செண்பகத்தின் மேல் மூட்டிய தீ இன்றைக்கும் எரிகிறது. அவள் வீட்டுப் புதுமனைக்கு நான் தாம்பூலம் வாங்கவில்லை. அவள் மகள் காதுகுத்துக்குச் சீர் எடுத்துப் போகவில்லை. கோயிலில் ஒருமுறை என் கையைப் பிடித்துக்கொண்டு, விளக்கை நான் கேக்கல புள்ள, குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கிட்டிருந்தவளைக் கூப்பிட்டுக் குடுத்தாங்க என்றாள். குடுத்தா வாங்கிக்குவியா என்று கையை உதறினேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அப்புறம் மூடிக்கொண்டாள். திருடிக்கு என்ன பேச்சு இருக்கிறது என்று நினைத்தேன்.

முகூர்த்தம் வந்துவிட்டது. இங்கே மட்டும் கத்தரியை அவசரமாகப் போடக் கூடாது, கொஞ்சம் முன்னால் போனால் நான் விளக்கோடு நிற்பதும் போய்விடும், அது இருக்க வேண்டும், நான் இருக்க வேண்டும், அதற்கு அடுத்த நொடியில் வெட்டி, நேராக அட்சதை மழையில் கொண்டுபோய் ஒட்டிவிட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு நான்தான் விளக்கோடு நின்றேன் என்றிருக்கும், மிச்ச முடிச்சுகளை நான்தான் போட்டேன் என்றிருக்கும். அம்புக்குறியை ஒருமுறை அழுத்தினால் ஒரு படம் நகரும். ஒவ்வொன்றாக நகர்த்துகிறேன். நாதஸ்வரம் நின்றுவிட்டது, படம் மட்டும் நகர்கிறது. ஐயர் கை நெய்க்கரண்டியோடு பாதியில் நிற்கிறது. நான் வலது ஓரத்தில் நிற்கிறேன், எவ்வளவு ஒல்லியாக இருந்திருக்கிறேன், கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன், அசடு. இன்னொரு படம். பிரகாசம் மணையில். நெற்றிப் பட்டம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. இன்னொரு படம். அவன் தலை திரும்புகிறது. என்னைப் பார்க்கிறான். நேராக என்னை, என் கையிலுள்ள விளக்கை. நான் பார்க்கவில்லை, நான் கேமராவைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவன் இந்தப் பக்கம் திரும்பிப் பெரியம்மாவின் முந்தானையை இழுக்கிறான். பெரியம்மா குனிகிறாள். அவன் வாய் அசைகிறது. இன்னொரு படம், இன்னொரு படம். பெரியம்மா நிமிர்ந்து தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுகிறாள், வேண்டாம் என்று, ஒரு கையை அவன் தோளில் வைத்து அழுத்துகிறாள், சும்மா இரு என்பதுபோல். இன்னொரு படம். அவன் மறுபடி என் பக்கம் பார்க்கிறான், மோவாயைத் தூக்கி வாசலைக் காட்டுகிறான். அப்படித்தான் காட்டுகிறான். வீட்டுக்குள் வந்துவிட்ட கோழியை யாராவது வெளியே விரட்டச் சொல்லும்போது காட்டுவதுபோல.

பின்னால் போகிறேன். மறுபடி முன்னால். ஐயரிடம் சொல்லியிருக்கலாம், தண்ணீர் கேட்டிருக்கலாம், வாசலில் யாரோ வந்ததைக் காட்டியிருக்கலாம். பின்னால். முன்னால். தண்ணீருக்கு யார் இப்படி முகத்தைச் சுளிப்பார்கள். பெரியம்மா என்னிடம் நடந்து வருகிறாள், அவள் முகத்தை இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் பார்க்கிறேன், தப்புப் பண்ணப் போகிறவள் முகம் அல்ல, திட்டு வாங்கிக்கொண்டு வருகிறவள் முகம். பந்தியில ஆள் இல்ல. அந்தப் பொய்யை அவள் எனக்காகத்தான் யோசித்து எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று. ஓரத்தில் செண்பகம் எழுந்து வருகிறாள், இடுப்பில் குழந்தை, அதன் வாயைத் துடைத்து யாரிடமோ கொடுக்கிறாள், கையைப் புடவையில் துடைக்கிறாள், எதற்குக் கூப்பிட்டார்கள் என்று இன்னும் தெரியாத முகம். விளக்கை வாங்கும்போது சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம் திரும்பிப் பார்க்கிறாள். என்னைத் தேடித்தான் பார்க்கிறாள். இந்த ஒரு படத்துக்காக நான் எவ்வளவு முடியுமோ அவ்வளவு அழ வேண்டும், ஆனால் அழுகை வரவில்லை, வேறொன்று வருகிறது, மெதுவாக, சுத்தமாக. வாழாதவள் கை பட்டால் அவன் வாழ்க்கை கெட்டுப்போகும் என்று பயந்தானா. பயப்படட்டும். சின்ன வயசு, யாராவது காதில் ஓதியிருப்பார்கள், அதைக்கூட விடலாம். கிணற்றடியை எப்படி விடுவது. கலங்கின கண்ணோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தானே. என் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டானே. பெரியம்மா சாகும்வரை அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. செண்பகம் வாயெடுத்து மூடிக்கொண்டாள். நான் திட்டித் தீர்த்த ஒவ்வொரு பொங்கலிலும், ஒவ்வொரு விசேஷத்திலும் இவன் எதிரில் உட்கார்ந்து வடையைப் பிட்டுக்கொண்டு, விடுக்கா, விடுக்கா என்றான். செண்பகம் எழவுக்கு நான் போகவில்லை என்றபோது போனில், உன் இஷ்டம்க்கா, உனக்குப் பட்ட காயம் உனக்குத்தான் தெரியும் என்றான். சொன்னான். இந்த வாயால்தான் சொன்னான்.

எழுந்து தண்ணீர் குடித்தேன். டம்ளரைக் கழுவினேன், கழுவிக்கொண்டே நின்றேன், பிறகு குழாயை மூடினேன். அனுப்பாமல் விட்டுவிடலாம். வட்டு தேய்ந்துபோச்சு கண்ணு, ஓடல என்று தாரணியிடம் சொல்லலாம், குழந்தை நம்பும். அறை இருக்கிறது, கம்பி இருக்கிறது, முட்டி அறுவைக்கு மார்கழியில் நாள் கேட்டு வைத்திருக்கிறான். யார் இருக்கிறார்கள் எனக்கு. இந்த வீட்டில் இருக்க முடியாது, இன்னொரு வீட்டில் ஒண்டிக்கட்டைக் கிழவிக்கு யார் இடம் கொடுப்பார்கள், ராத்திரியில் விழுந்தால் தூக்க ஆளில்லை. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் எழுந்திருக்க வேண்டும், அவன் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும், அவன் நல்லவனாக இருப்பதைப் பார்த்துக்கொண்டே சாக வேண்டும். கம்பி குளிரும். நான் நினைத்துப் பார்க்கிறேன், அதன் குளிர் உள்ளங்கையில் இப்போதே தெரிகிறது. கூடாது. அவனுக்கு அவ்வளவு சுலபமாக இருக்கக் கூடாது. வந்து உட்கார்ந்தேன். முதலில் செய்ய வேண்டியதை முதலில் செய்தேன். வெட்டினதையெல்லாம் திருப்பினேன். ஒரு பொத்தான், ஒரு வெட்டு திரும்பும். வெற்றிலைத் தட்டோடு செண்பகம் வந்தாள். நலங்கில் சந்தனத்தோடு வந்தாள். வா புள்ள, வா, என்று வாய்விட்டே சொன்னேன். முகூர்த்தத்தில் ஒரு நொடியைக்கூடத் தொடவில்லை, மெதுவாக ஓட வைக்கவில்லை, அம்பு போட்டுக் காட்டவில்லை, எழுத்து ஒன்றும் எழுதவில்லை. டிவியில் இத்தனை வருஷம் ஓடியும் யார் கண்ணிலும் படாமல் போனது அப்படியே ஓடட்டும். பச்சைப் பட்டை நகர்ந்தது, தறிகள் ஓடின, கரண்ட் போகக் கூடாதென்று மாரியம்மனை வேண்டிக்கொண்டேன், வாழ்க்கையில் இவ்வளவு ஊன்றி வேண்டிக்கொண்டதில்லை. முடிந்ததும் மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது. முகப்புப் படம் எது. ஓடுவதற்கு முன்னால் கைபேசியில் முதலில் தெரியும் படம். அதுவாக ஒன்றை எடுத்து வைத்திருந்தது, ரோஜாப்பூவுக்குள் ரேணுகா. நான் அதை நீக்கிவிட்டு, அம்புக்குறியை ஒவ்வொன்றாக அழுத்தி, அந்த இடத்துக்குப் போனேன். வலது ஓரத்தில் மஞ்சள் பட்டும் விளக்கும். இடது பக்கம் மணையில் அவன், மோவாய் தூக்கி, முகம் சுளித்து, அவன் தோளில் பெரியம்மாவின் கை. இது, என்றேன். தாரணிக்கு அனுப்பினேன். அவள் குரூப்பில் போடுவாள், வாசலில் டேப்லெட்டில் வைப்பாள், வருகிறவர்கள் எல்லோரும் விரலை வைக்கும்வரை அது அப்படியே நிற்கும்.

அவள் கூப்பிட்டபோது விளக்கேற்றும் நேரம். அத்தை, கலக்கிட்டீங்க, எவ்வளவு தெளிவா இருக்குது, குரூப்ல போட்டாச்சு, சின்னத் தாத்தா அதுக்குள்ள அழுதுட்டாரு என்று மூச்சுவிடாமல் பேசினாள். மஞ்சள் பட்டு நீங்கதானே, எவ்வளவு அழகா இருக்கீங்க, யாரும் எங்ககிட்டச் சொல்லவே இல்லையே என்றாள். பிறகு குரல் குழைந்தது.

"முகப்புல வெச்சீங்க பாருங்க ஒரு படம், அதான் அத்தை சூப்பர். தாலி கட்டற நேரத்துல கூட அப்பா அம்மாவைப் பாக்கல, உங்களைத்தான் பாக்கறாரு."

குழந்தையின் சந்தோஷம் என் காதுக்குள் சூடாக இறங்கியது, ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அது அப்படியே இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. அப்பாகிட்டக் குடுக்கறேன், அவரும் பாத்துக்கிட்டேதான் இருக்காரு, பேச்சே வரல என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனைக் கொடுத்துவிட்டாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம். யாரோ தட்டு கழுவுகிறார்கள். அவன் எழுந்து வேறு அறைக்குப் போகிறான், கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

"அக்கா."

சொல்லு என்றேன்.

"வேற படம் வெச்சிருக்கலாமே."

அவ்வளவுதான் சொன்னான். அவனுக்குத் தெரிந்துவிட்டது, எனக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் பன்னீர் தெளிக்கும்போது அவன் பக்கத்தில் அந்தப் படமும் நிற்கும், அதைப் பார்த்து ஒவ்வொருவரும் அவனைப் புகழ்வார்கள், அக்கா மேல என்ன பாசம் என்பார்கள், அவன் கைகூப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். யாராவது ஒருவர் உற்றுப் பார்க்க மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதைவிட நல்லதாக ஒன்றை நானே யோசித்துச் செய்திருக்க முடியாது. தாரணி செய்து கொடுத்துவிட்டாள்.

"நல்ல படம்தான் சாமி," என்றேன். "நான் ஒண்ணும் வெட்டல, ஒட்டல. உன் மொகம் சின்னதாத் தெரிஞ்சா ரெண்டு வெரலை வெச்சு விரிச்சுப் பாரு."